முட்டி போச்சுன்னா விளையாட்டும் போச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை ஐந்து மணிக்கு மேல் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டத்தைப் பற்றிக் கேட்பவர்களைவிட முட்டியைப் பற்றிக் கேட்பவர்கள்தான் அதிகம். ஆடுகிற பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், ஒருகாலத்தில் என்னோடு ஆடிவிட்டு இப்போது மாடிப்படியைப் பார்த்தால் யோசிப்பவர்கள், எல்லோரும் கேட்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. 22 வயதில் இடது முட்டியில் அடிபட்டு, நான்கு வருடம் அதை ஏமாற்றிக்கொண்டே ஆடி, 26இல் ஆபரேஷன் செய்துகொண்டவன். அந்த ஒரே தகுதியில்தான் எழுதுகிறேன். உங்கள் முட்டியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லவேண்டியவர்கள் எலும்பு மருத்துவரும் பிசியோவும் (பிசியோதெரபிஸ்ட்)தான்.

"ஜவ்வு கிழிஞ்சிடுச்சு" என்கிறார்களே, உள்ளே எதுதான் கிழிகிறது?

நம் ஊரில் ஜவ்வு என்ற ஒரே சொல்லை மூன்று பொருளுக்குச் சொல்கிறோம். பாதிக் குழப்பம் அங்கேயே வந்துவிடுகிறது.

ஒன்று லிகமென்ட். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டிய நார். முட்டிக்கு நடுவே இரண்டு நார்கள் பெருக்கல் குறி போலக் குறுக்கே ஓடுகின்றன. முன்னால் இருப்பது ஏசிஎல், பின்னால் இருப்பது பிசிஎல். ஓடுகிறவன் சட்டென்று நின்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துவைப்பது ஏசிஎல். இரண்டாவது மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இருக்கும் இரண்டு மெத்தைகள். மூன்றாவது, எலும்பு முனையில் பூசிவிட்டதுபோல வழவழவென்று இருக்கும் குருத்தெலும்பு. பாட்டிகளிடம் "ஜவ்வு தேஞ்சிருச்சு" என்று சொல்வது இதைத்தான்.

மெனிஸ்கஸின் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் நல்ல ரத்த ஓட்டம். அங்கே கிழிந்தால், தைத்தால் ஒட்ட வாய்ப்பு உண்டு. உள் ஓரத்தில் கிழிந்தால் ஒட்டுவது கஷ்டம். பெரும்பாலும் கிழிந்த துண்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். எவ்வளவு எடுக்கிறார்களோ அவ்வளவு மெத்தை குறையும், பின்னாளில் தேய்மானம் சீக்கிரம் வரும். அதனால் டாக்டர் "ஜவ்வு" என்று சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். எந்த ஜவ்வு, எந்த இடத்தில், எவ்வளவு என்று கேளுங்கள்.

அடிபட்ட அன்றைக்கே பெரிய அடி என்று தெரியுமா?

பெரும்பாலும் தெரியும். நாம்தான் தெரியாத மாதிரி இருப்போம்.

எனக்கு நடந்தது ஒரு ராத்திரி மேட்ச்சில். சவுக்குக் கம்பத்தில் டியூப்லைட் கட்டிய களம். எதிரணிப் பக்கம் பாடிப் போனவன், கார்னரில் இருந்தவனைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். பாதம் மண்ணில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. காய்ந்த முருங்கைக் குச்சியை ஒடித்தமாதிரி உள்ளே ஒரு சத்தம். யாரும் என்னைத் தொடக்கூட இல்லை. வெளியே உட்காரவைத்து ஸ்ப்ரே அடித்தார்கள். டீ வந்து குடித்து முடிப்பதற்குள் முட்டி பனங்காய் மாதிரி ஆகிவிட்டது.

'டப்' என்ற சத்தம், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வரும் வீக்கம், அதற்குமேல் ஆட முடியாமல் போவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏசிஎல் மீது சந்தேகப்படவேண்டும். அந்த வேகத்தில் வீங்குவது உள்ளே ரத்தம் கசிவதால். மறுநாள் மெதுவாக வீங்கினால் மெனிஸ்கஸாக இருக்கலாம். முட்டி பாதியில் மாட்டிக்கொண்டு நீட்ட வரவில்லை என்றால் கிழிந்த துண்டு நடுவில் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதற்குத் தள்ளிப்போடாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே மாதத்தில் வலி போய்விட்டது, நன்றாக நடக்கிறேன். ஸ்கேன் எதற்கு?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

எனக்கும் மூன்று வாரத்தில் வலி போனது. சைக்கிள் மிதித்தேன். இரண்டு மாதத்தில் களத்தில் இருந்தேன். நேராக ஓடினால் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் நேராக ஓடுவதற்கு ஏசிஎல் அவ்வளவாகத் தேவையில்லை. திரும்பும்போதுதான் அது வேண்டும். முதல்முறை முட்டி கழன்றுகொண்டது டவுன் பஸ்ஸில் இருந்து இறங்கும்போது. கால் நம்முடையது இல்லை என்பதுபோல ஒரு நொடி. இரண்டு நாள் வீக்கம், அப்புறம் சரி. அடுத்தது கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது. அப்புறம் ஆட்டத்தில், எண்ணிக்கை தெரியாமல். ஒவ்வொரு தடவையும் நார் இல்லாத முட்டி நழுவி, நடுவில் இருந்த மெத்தையை அரைத்திருக்கிறது. கடைசியில் எம்ஆர்ஐ எடுத்தபோது ஏசிஎல் இருந்த இடமே தெரியவில்லை, மெனிஸ்கஸ் வாளிக் கைப்பிடி மாதிரி கிழிந்து தொங்கியது. "முதலிலேயே வந்திருந்தால் இதைத் தைத்திருக்கலாம்" என்றார் டாக்டர். வெட்டித்தான் எடுத்தார்.

வலி என்பது வீக்கத்தோடு வருவது, வீக்கத்தோடு போவது. அறுந்த ஏசிஎல் தானாகப் பழையபடி சேர்வது அபூர்வம். வலி இல்லை என்பதும் முட்டி சரியாகிவிட்டது என்பதும் வேறு வேறு.

கபடியில் ஏன் இத்தனை முட்டிகள் போகின்றன?

ஏசிஎல் கிழிவதற்கு என்னவெல்லாம் வேண்டுமோ அத்தனையும் இந்த ஒரே ஆட்டத்தில் இருக்கிறது. பின்னால் நகர்ந்துகொண்டே சட்டென்று திசை மாற்றுவது, ஒற்றைக் காலில் எடையை வைத்துத் திரும்புவது, அந்த நேரத்தில் ஒருவன் கணுக்காலைப் பிடிப்பது, இன்னொருவன் தொடையில் விழுவது. பாதம் பிடிபட்டு மேலுடம்பு சுழன்றால் நடுவில் மாட்டுவது முட்டிதான்.

மேட் என்ற விரிப்பின் மேல் ஷூ போட்டு ஆடுவது பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தோல் சிராய்ப்பதில்லை, வேகம் கிடைக்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் மண்ணில் பாதம் கொஞ்சம் சறுக்கி முட்டியைக் காப்பாற்றிவிடும். விரிப்பில் ஷூ ஒட்டிக்கொண்டு நிற்கும். மண்ணில் பழகிய பையனை நேராக மேட் டோர்னமென்ட்டுக்குக் கூட்டிப்போகும் மாஸ்டர்கள் இரண்டு வாரமாவது அதில் பழகவிடுங்கள்.

வேகப்பந்து வீச்சாளர்களும் அடிக்கடி முட்டியோடு மல்லுக்கட்டுகிறார்களே?

பந்தை விடும் நொடியில் முன்னங்காலில் உடல் எடையைப்போல ஐந்து மடங்கும் அதற்கு மேலும் இறங்குகிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை.

சின்னப்பம்பட்டி நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரிலும் 2021 ஜனவரியிலும் ஆஸ்திரேலியாவில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமானார். 2021 மார்ச் 28 அன்று புனேயில் இங்கிலாந்துக்கு எதிராகக் கடைசி ஓவரில் 14 ரன்னைக் காத்துக்கொடுத்தார். ஒரு மாதத்தில், ஏப்ரல் 27 அன்று, முட்டி ஆபரேஷன். சேலத்துப் பக்கத்தில் கொண்டாட்டம் அடங்குவதற்குள் இது. 2022 ஐபிஎல்லில் திரும்பி வந்து 11 ஆட்டத்தில் 18 விக்கெட் எடுத்தார்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பாகிஸ்தானின் ஷாஹீன் அஃப்ரிதியிடம் பார்த்தோம். 2022 ஜூலையில் இலங்கையின் காலேயில் ஃபீல்டிங் செய்யும்போது வலது முட்டியில் பிசிஎல் அடி. அக்டோபரில் டி20 உலகக் கோப்பைக்கு வந்துவிட்டார். மெல்பர்னில் இறுதி ஆட்டம். ஹாரி புரூக்கின் கேட்ச்சைப் பிடித்து விழும்போது அதே முட்டியில் விழுந்தார். 16ஆவது ஓவரை வீச வந்து, ஒரே ஒரு பந்து போட்டுவிட்டு நொண்டியபடி வெளியேறினார். ஆட்டமும் அங்கேதான் கைமாறியது. சீக்கிரம் வந்ததால்தான் இப்படி ஆனது என்று அடித்துச் சொல்லமாட்டேன், யாரும் அப்படி விழலாம். ஆனாலும் அந்த ஒரு பந்து என் மனதில் நிற்கிறது.

இலங்கையின் மலிங்காவின் வழி வேறு. வலது முட்டியில் நாள்பட்ட தேய்மானம் என்று சொல்லி 2011இல் டெஸ்ட்டை விட்டார். 30 டெஸ்ட், 101 விக்கெட், அதோடு சரி. அப்போது பலர் காசுக்காக ஐபிஎல்லைப் பிடித்துக்கொண்டார் என்று பேசினார்கள். ஆனால் குறைந்த ஓவர் ஆட்டங்களுக்கு மட்டும் என்று அளந்து செலவு செய்த அந்த முட்டிதான் 2019 ஐபிஎல் இறுதி ஆட்டத்தில், கடைசிப் பந்தில் ஷர்துல் தாக்கூரை எல்பிடபிள்யூ ஆக்கி, நம் சென்னையை ஒரு ரன்னில் அழவைத்தது. டெஸ்ட்டிலும் ஓடியிருந்தால் அந்த முட்டி 2019 வரை வந்திருக்காது என்பது என் கணக்கு.

ஆபரேஷன் செய்தே ஆகணுமா?

எல்லோருக்கும் இல்லை. ஸ்வீடனில் புதிதாக ஏசிஎல் கிழிந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். 2010இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு வருடம் கழித்து இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஐந்து வருடத்தில், பயிற்சியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் ஆபரேஷனுக்கு வந்திருந்தார்கள். ஆனால் அதில் தொழில்முறை ஆட்டக்காரர்களைச் சேர்க்கவில்லை.

என் கருத்து இது: ஆபீஸ் வேலை, நடை, சைக்கிள், நீச்சல் போதும் என்றால் நல்ல பிசியோவிடம் மூன்று மாதம் ஒழுங்காகப் போய்ப் பாருங்கள். முட்டி கழன்றுகொள்ளாமல் இருந்தால் அப்படியே ஓட்டலாம். கபடி, கால்பந்து, கூடைப்பந்து என்று திரும்பி வளைந்து ஆடவேண்டும் என்றால் பெரும்பாலும் ஆபரேஷன் வரைக்கும் போகவேண்டியிருக்கும். இரண்டும் செய்யாமல் ஸ்ப்ரே அடித்து ஆடுவது என் வழி. அது வேண்டாம்.

ஆபரேஷன் முடிந்து எத்தனை மாதத்தில் களம் இறங்கலாம்?

ஒன்பது மாதம். அதற்குக் குறைத்து யார் சொன்னாலும் இரண்டாவது ஆளிடம் கேளுங்கள்.

ஆபரேஷனில் கிழிந்ததைத் தைப்பதில்லை. பின்தொடையிலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு துண்டு நாரை எடுத்து, எலும்பில் துளைபோட்டு நட்டுவைக்கிறார்கள். நாற்று பிடுங்கி நடுவது மாதிரிதான். நட்ட நார் முதல் சில மாதங்களில் உயிர்பிடிப்பதற்கு முன் பலவீனமாகிறது. தொந்தரவு என்னவென்றால், சரியாக அந்தக் காலத்தில்தான் வலி போய், வீக்கம் வற்றி, பையனுக்குத் துள்ளத் தோன்றும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் அவசரப்பட்டவர்களுக்கு மறுபடி கிழிவது அதிகம். 25 வயதுக்குக் கீழே விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் அதே காலிலோ இன்னொரு காலிலோ மறுபடி கிழிகிறது.

மாதக் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவும் தூரமும் தொடைப் பலமும் நல்ல காலோடு ஒப்பிட்டு 90 சதவீதத்துக்கு மேல் வரவேண்டும் என்று பிசியோக்கள் பார்ப்பார்கள்.

"வில்லியம்சன் அதற்கு முன்னாடியே வந்தாரே" என்று நியூசிலாந்தின் கேன் வில்லியம்சனைச் சொல்லி ஒரு பையன் மடக்கினான். உண்மைதான். 2023 மார்ச் 31 அன்று அகமதாபாத்தில் ருதுராஜின் சிக்ஸரைத் தடுக்கத் தாவி விழுந்து ஏசிஎல் கிழிந்தவர், அக்டோபர் 13 அன்று சேப்பாக்கத்தில் உலகக் கோப்பையில் 78 அடித்தார். அவருக்கு நாள் முழுக்கக் கூடவே இருக்கும் பிசியோ உண்டு, ஆடுவது கிரிக்கெட், அதிலும் பேட்ஸ்மேன். உனக்குக் கணுக்காலைப் பிடிக்க ஏழு பேர் நிற்கிறார்கள் தம்பி என்றேன்.

பழைய ஆட்டம் திரும்புமா?

பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஏசிஎல் ஆபரேஷன் செய்துகொண்ட நூறு பேரில் சுமார் 80 பேர் ஏதோ ஒரு விளையாட்டுக்குத் திரும்புகிறார்கள். பழைய தரத்துக்கு வருபவர்கள் 65. போட்டிகளுக்குத் திரும்புபவர்கள் 55. மீதிப் பேரில் பலருக்கு முட்டி நன்றாகத்தான் இருக்கும், பயம்தான் போயிருக்காது. இதை ஊரில் "தைரியம் இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். விழுந்த இடத்தில் திரும்பக் கால் வைக்கும்போது உடம்பு தானாக இழுத்துக்கொள்கிறது. அதற்கும் பயிற்சி வேண்டும்.

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டோ 1999 நவம்பரில் முட்டிச்சில்லுக்குக் கீழ் நார் கிழிந்து, 2000 ஏப்ரல் 12 அன்று திரும்பி வந்து, சில நிமிடங்களில் அதே நார் முழுதாக அறுந்து கீழே உட்கார்ந்தார். யாரும் தள்ளவில்லை. அதன்பிறகு பொறுத்திருந்து வந்தவர், 2002 உலகக் கோப்பையில் எட்டு கோல் போட்டார், இறுதி ஆட்டத்தில் மட்டும் இரண்டு. மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி திரும்பி ஸ்ட்ரெச்சரில் போனவர், 2023 ஆகஸ்ட்டில் இன்னொரு முட்டிக்கு ஏசிஎல் ஆபரேஷன். ஒரு வருடத்தில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுவரை போனார். 100 கிராம் எடையில் அது பறிபோன கதை உங்களுக்கே தெரியும்.

முட்டி அடி விளையாடும்போதுதான் படுமா?

டென்னிஸ் வீரர் ஃபெடரர் 2016 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் தோற்ற மறுநாள், மகள்களைக் குளிப்பாட்டத் தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது முட்டியில் 'க்ளிக்' என்றது. மெனிஸ்கஸ். அதுதான் அவர் வாழ்க்கையின் முதல் ஆபரேஷன். மறு ஆண்டு அதே ஓப்பனை வென்றார் என்பது வேறு. ஆனால் 2020இல் இரண்டு, 2021இல் ஒன்று என வலது முட்டிக்கு மூன்று ஆபரேஷன் நடந்து, 2022 செப்டம்பரில் ஓய்வு அறிவித்தார்.

பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருமா?

ஆமாம். ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏசிஎல் கிழிவது இரண்டிலிருந்து எட்டு மடங்குவரை அதிகம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாய்வது ஒரு காரணம், பழக்கினால் மாறும். பெண் பிள்ளைகளை அனுப்பாமல் வைப்பதற்கு இதைச் சாக்காகச் சொல்லாதீர்கள். இறங்கப் பழக்குங்கள். முட்டி கால்விரலுக்கு நேராக, சத்தம் வராமல், பூனை குதிக்கிற மாதிரி. ஆட்டத்துக்கு முன் 15, 20 நிமிடம் இப்படிக் குதித்து இறங்குவதும் ஒற்றைக் காலில் நிற்பதும் பின்தொடைப் பயிற்சியும் செய்தால், கிழிவது ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பையன்களுக்கும் இதேதான்.

ஊசி, கட்டு, முட்டி உறை எல்லாம் பலன் தருமா?

ஸ்டெராய்டு ஊசி சில வாரம் வீக்கத்தை அடக்கும். அடிக்கடி போட்டால் குருத்தெலும்புக்குக் கெடுதல். மேட்ச் இருக்கிறது என்று ஊசி போட்டு இறங்குவது, எரிகிற வீட்டில் அலாரத்தைப் பிடுங்கிப் போடுவதுதான். ஜெல் ஊசி, சொந்த ரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசி எல்லாம் விலைக்கேற்ற பலன் எல்லோருக்கும் தருவதில்லை. அறுந்த ஏசிஎல்லை எந்த ஊசியும் ஒட்டவைக்காது.

புத்தூர் கட்டு பற்றிக் கேட்காதவர்களே இல்லை. நானும் முதலில் அங்கேதான் போனேன். முட்டிக்கு உள்ளே அறுந்த நாரை வெளியே போடும் கட்டு சேர்க்க முடியாது. மூன்று வாரம் கட்டியே வைத்ததில் என் தொடை பாதியாக இளைத்ததுதான் மிச்சம்.

முட்டி உறை போட்டால் தைரியம் வரும். பலம் வராது.

வீட்டில், தெருவில் எப்படிச் சமாளிப்பது?

நம் வாழ்க்கையே முட்டியை முழுசாக மடக்கும் வாழ்க்கை. சம்மணம் போட்டுச் சாப்பாடு, குத்தவைத்துக் கோலம், இந்தியன் டாய்லெட், கோயிலில் விழுந்து கும்பிடுவது. முட்டி தேய்ந்தவருக்கு இதெல்லாம்தான் முதலில் போகும். என்னோடு ஆடிய ஒருவர் கல்யாண வீட்டுப் பந்தியில் கீழே உட்கார முடியாமல் ஓரமாக நாற்காலி தேடுவார். மெடல் வாங்கியவர், யாரிடமும் கேட்க வெட்கம்.

படிக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். டாய்லெட்டில் சுவரில் ஒரு கைப்பிடி வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். எடை கூடாமல் பாருங்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நாலு கிலோ குறைகிறது. ஆட்டத்தை நிறுத்தியவர்கள் பழைய அளவிலேயே சாப்பிட்டுப் பத்து கிலோ ஏறுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்புறம், "வலிக்குது, அதனால் நடக்கவில்லை" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். தொடைத் தசை இளைத்தால் முழுப் பாரமும் மூட்டில் இறங்கும்.

வேலை விஷயம்?

பலரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. எங்கள் பக்கத்துப் பையன்களுக்குக் கபடி என்றால் போலீஸ், ரயில்வே, பேங்க் என்று ஒரு வேலைக்கான பாதை. செலக்‌ஷனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது முட்டி போனால் வீட்டுக்கே சொல்லமாட்டான். மறைத்து ஆடுவான். அவனைத் திட்டிப் பயனில்லை. சர்டிபிகேட்டுகளைப் பத்திரமாக எடுத்துவைக்கச் சொல்வேன், படிப்பை விடாதே என்பேன், நடுவர் தேர்வுக்கும் பயிற்சியாளர் படிப்புக்கும் வழி காட்டுவேன். எனக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன்.

வயதானால் முட்டி மாற்றவேண்டி வருமா?

ஏசிஎல் கிழிந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பத்து, இருபது வருடத்தில் தேய்மானம் எக்ஸ்ரே படத்தில் தெரிய ஆரம்பிக்கிறது, ஆபரேஷன் செய்திருந்தாலும்கூட. எல்லோரும் முட்டி மாற்றும்வரை போவதில்லை. லண்டன் ஒலிம்பிக்கில் பேட்மின்டனில் வெண்கலம் வாங்கிய சாய்னா நெவால், 2024இல் தன் முட்டியில் ஆர்த்ரைட்டிஸ் இருப்பதாகவும் குருத்தெலும்பு மோசமாகிவிட்டதாகவும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 34. மறுபக்கம், அமெரிக்கப் பனிச்சறுக்கு வீராங்கனை லிண்ட்சி வான் 2024 ஏப்ரலில் வலது முட்டியில் ஒரு பகுதியை மாற்றிக்கொண்டு, 2025 மார்ச்சில் உலகக் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார், 40 வயதில். அதை ஒரு அதிசயமாக ரசியுங்கள். மாற்று முட்டியோடு நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம், கபடிக்கு வரக்கூடாது.

நீங்கள் இப்போது ஆடுகிறீர்களா, மாஸ்டர்?

பாடிப் போய்க் காட்டுவேன், போனஸ் கோடு வரைக்கும். யாரும் பிடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். மழைக்காலக் காலையில் முட்டி எழுந்திருக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது.

ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாதத்தில் இருக்கும் ஒரு பையன் தினமும் மைதானத்துக்கு வருகிறான். "வலியே இல்ல மாஸ்டர், குதிச்சுக் காட்டவா?" என்கிறான். ஸ்கோர் எழுதும் வேலையைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறேன். நோட்டின் பின் அட்டையில் நாட்களைக் கோடு கிழித்து எண்ணிக்கொண்டிருக்கிறான். இன்னும் 51 கோடு பாக்கி.